கல்லென்று கைவிடலாகாது

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட சில எலும்புகளைப் பற்றி 1987ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அதை எழுதியிருந்தனர். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தப் பிராணிக்கு அவர்கள் இட்ட பெயர் புருஹத்காயோசாரஸ். பேருடல் கொண்ட பல்லி என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. முழங்காலுக்குக் கீழுள்ள ஓர் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் இருந்ததாம். அதன் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கக்கூடும் என்று 2023இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. அது சரியாயின், பூமியில் இதுவரை நடமாடிய பிராணிகளில் மிகப் பெரியது தமிழ் மண்ணில் நடமாடியது என்றாகும்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய எலும்புகள் இன்று இல்லை. இறுகாத மண்ணில் கிடந்து நொறுங்கும் நிலையில் இருந்த அவை, மழையும் ஈரமும் சேர்ந்து, பாதுகாப்புக்காகச் சுற்றிய கட்டுக்குள்ளேயே உதிரத் தொடங்கின. அவை அடியோடு அழிந்துவிட்ட செய்தி 2017இல் எழுத்தில் வந்தது. இடைப்பட்ட காலத்தில், அவை எலும்புகள்தாமா அல்லது கல்லாகிப்போன மரத்துண்டுகளா என்றுகூடச் சிலர் ஐயம் எழுப்பினர். எடுத்துக் காட்டிப் பதில் சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. பழைய புகைப்படங்கள் 2022இல் வெளியிடப்பட்ட பிறகே அந்த ஐயம் ஓரளவு தணிந்தது.

ஏழு கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த ஒரு பொருள், மனிதன் கைக்கு வந்தபின் நிலைக்கவில்லை. இதில் யார்மீதும் பழி சுமத்திப் பயனில்லை. கல்லானது கல்லாகவே இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை உணர்ந்தால் போதும். இந்தப் பாடம் அரசாங்க அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பொருந்தும்.

வீடுகளில் உறங்கும் கற்கள்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள், சிமெண்ட் ஆலைகளிலும் நெய்வேலிச் சுரங்கத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கல்லூரியில் புவியியல் படித்தவர்கள் என்று பலர் பிழைப்பின் பொருட்டு இந்தத் துறைமுக நகருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இத்தகையோர் வீட்டு அலமாரியில் ஆட்டுக் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஒன்றோ, கல்லாகிப்போன சிப்பி ஒன்றோ, கல்மரத் துண்டு ஒன்றோ இருந்தால் அதில் வியப்பில்லை. கேரளத்திலும் இத்தகைய பொருள்களுக்குக் குறைவில்லை. கொல்லம் அருகே அஷ்டமுடிக் காயலோரத்துப் படப்பக்கரையில் பழங்காலக் கடற்பிராணிகளின் ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. வர்க்கலைக் குன்றின் கரிய களிமண்ணில் பழுப்பு நிலக்கரியாக மாறிய மரத்துண்டுகள் உண்டு.

இவற்றின் மதிப்பை உலகம் அறிந்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகின்றன. திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் காயே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் திரட்டிய படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பிளான்ஃபோர்டு அந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் நூல் எழுதினார். ஸ்டோலிக்ஸ்கா 1863 முதல் 1873 வரை தொகுதி தொகுதியாக அவற்றை வகைப்படுத்தினார். ஊட்டத்தூர், அரியலூர் என்ற பெயர்கள் அன்று முதல் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்று வருகின்றன.

அங்கே பொறுக்கிய ஒரு கல், மட்டாஞ்சேரியின் மாடி வீட்டில் பத்து மழைக்காலங்களைத் தாங்குமா என்பதே கேள்வி. எந்தக் கல், எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது விடை.

காற்றே பகை

கடலடிச் சேற்றில் பிராணவாயு இல்லாத நிலையில் உயிர்ப்பொருள் அழுகும்போது, அங்குள்ள கந்தகமும் இரும்பும் சேர்ந்து பைரைட் என்ற கனிமம் உண்டாகிறது. பொன்னைப்போல் மின்னிப் பலரை ஏமாற்றியிருப்பது இதுவே. சில படிவங்களில் ஓடு முழுவதும் பைரைட்டாக மாறியிருக்கும்; சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கலந்திருக்கும். வர்க்கலைக் களிமண்ணிலும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும் காணப்படும் மார்க்கசைட் இதன் நெருங்கிய உறவு. நிலையின்மையில் இதற்கு அண்ணன்.

மண்ணுக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை பைரைட்டுக்கு ஆபத்தில்லை. வெளியே வந்ததும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் அதைத் தாக்குகின்றன. பைரைட் சிதைந்து, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கப்படும் இரும்பு உப்பாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. புதிதாக உண்டாகும் உப்புக்குப் பழைய கனிமத்தைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே கல் உள்ளிருந்தே பிளக்கிறது. கசியும் அமிலம் சுண்ணாம்பு ஓட்டை அரித்து ஜிப்சமாக்குகிறது. கல்லோடு வைத்த காகிதச் சீட்டையும் அட்டைப் பெட்டியையும் பொசுக்குகிறது. பக்கத்துக் கல்லையும் கெடுக்கிறது. மேற்பரப்பில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி பூப்பதும், பெட்டியைத் திறந்ததும் கந்தக நெடி வீசுவதும் இந்த நோயின் அறிகுறிகள்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இந்தச் சிதைவு வேகம் பிடிக்கிறது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதி தொடங்கிக் கர்க்கடகம் முடியும்வரை ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். மற்ற மாதங்களிலும் காயல் காற்று வீட்டை உலரவிடுவதில்லை. பைரைட் கலந்த ஒரு படிவத்துக்கு இதைவிடப் பொல்லாத ஊர் அமைவது கடினம்.

குளிர்ந்த நாடுகள் மட்டும் தப்பிவிடவில்லை. பெல்ஜியம் நாட்டில் பெர்னிசார் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், 1878ஆம் ஆண்டு இகுவானோடான் என்னும் டைனோசர்களின் எலும்புக்கூடுகள் ஏறத்தாழ முப்பது கிடைத்தன. அந்த எலும்புகளிலெல்லாம் பைரைட் நிறைந்திருந்தது. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்த அவை உதிரத் தொடங்கவே, 1930களில் அவற்றைப் பிரித்தெடுத்து, அரக்குக் கரைசல் ஏற்றி, மீண்டும் பூட்டிக் கண்ணாடி அறைக்குள் வைக்க நேர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது. ஒரு தேசத்தின் அருங்காட்சியகமே இவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததென்றால், தனி மனிதன் சற்றேனும் கவலைப்படுவது நியாயமே.

பைரைட் இல்லாத படிவங்களுக்கும் வேறு வகையில் துன்பம் உண்டு. கடலோரத்தில் எடுத்த கல்லில் உப்பு ஊறியிருக்கும். சாப்பாட்டு உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் கசிந்து கரையும். காற்று உலர்ந்தால் மீண்டும் படிகமாகும். படிகம் வளரும்போதெல்லாம் கல்லின் நுண்துளைகளைப் பிளக்கும். மட்டாஞ்சேரியின் பழைய சுவர்களில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்வதும் இதனால்தான். இன்னொன்று, மர அலமாரி. மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகையின் பசையிலிருந்தும் வெளிவரும் அமில ஆவி, மூடிய இடத்தில் தங்கிச் சுண்ணாம்பு ஓடுகளை அரிக்கும். சங்கு, சிப்பிச் சேகரங்களில் இதைக் கண்டு பைன் என்பவர் 1899இல் எழுதினார். அவர் பெயராலேயே அந்த நோய் இன்றும் வழங்குகிறது.

பூஜை அறையிலும்

இந்தப் பிரச்னை பூஜை அறையையும் தொடுகிறது. நேபாளத்துக் காளி கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பெரும்பாலும் அம்மோனைட் படிவங்களே. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு இமயமலையாக உயர்ந்தபோது அவையும் உடன் உயர்ந்தன. மட்டாஞ்சேரியில் தமிழர் இல்லங்களிலும் கொங்கணி மக்களின் இல்லங்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சாளக்கிராம ஆராதனை நடந்து வருகிறது. சில சாளக்கிராமங்களில் பொன் ரேகை மின்னுவதைப் பெரியோர் விசேஷமாகக் கருதுவர். கனிம நூலார் பார்வையில் அந்த மினுக்கம் பைரைட்டாக இருக்கக்கூடும்.

விஞ்ஞானம் சொல்வதற்கும் பக்தி சொல்வதற்கும் இங்கே பூசல் ஒன்றும் இல்லை. திருமஞ்சனம் ஆனபின் சாளக்கிராமத்தை உலர்ந்த வஸ்திரத்தால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைக் குறைவின்றிச் செய்தாலே பாதி பாதுகாப்பு வந்துவிடும். அவசரத்தில் ஈரத்தோடு சம்புடத்துக்குள் வைத்து மூடுவதுதான் கேடு. பொன் ரேகை உள்ள மூர்த்தியின்மீது மஞ்சள் பொடியோ வெடிப்போ காணப்பட்டால், தண்ணீரைக் குறைத்து உலர்வைக் கூட்டுவது அவசியம். முன்னோர் கொடுத்ததைச் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும் ஆராதனையின் பகுதியே.

மிளகுக்குத் தெரிந்த பாடம்

ஈரத்திலிருந்து ஒரு பொருளைக் காப்பது எப்படி என்று மட்டாஞ்சேரிக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் மிளகையும் சுக்கையும் ஏற்றி இறக்கிய ஊர் இது. மிளகு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதன் ஈரத்தை. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் அடுக்குவதும், சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விடுவதும், பூஞ்சை கண்ட மூட்டையை உடனே பிரித்து வைப்பதும் இங்கே சாதாரணத் தொழிலாளிக்கும் தெரிந்தவை. மிளகு கெட்டால் அடுத்த ஆண்டு கொடியில் மறுபடி காய்க்கும். ஊட்டத்தூர் அம்மோனைட் கெட்டால் மீண்டும் காய்க்கப் பத்துக் கோடி ஆண்டு காத்திருந்தாலும் ஆகாது. ஆனால் மிளகுக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கைக்கூடக் கல்லுக்கு எவரும் காட்டுவதில்லை.

செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவும் இல்லை. காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடிப் புட்டியோ, எவர்சில்வர் சம்புடமோ, உணவுப் பொருள் வைக்கும் நல்ல பிளாஸ்டிக் டப்பாவோ போதும். அதில் துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லையும் கல்லையும் ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லே ஏற்றது. ஈரம் ஏறிவிட்டதை அது காட்டிக்கொடுக்கும். நீல நிற வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு சேர்ந்திருப்பதால், ஆரஞ்சு நிற வகையை வாங்குவதே நலம். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கலாம். சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே வைத்து, முள் 45 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பைரைட்டின் சிதைவு வெகுவாக மட்டுப்படும்.

கூடாதவை சில உண்டு. பித்தளைப் பாத்திரம் துலக்குகிற புளியையும் எலுமிச்சையையும் கல்லின்மீது தேய்க்கலாகாது. அவற்றின் புளிப்பு சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசினால் தூசுதான் ஒட்டும். வார்னிஷ் அடித்தால் ஈரம் நுழையாது என்று நினைப்பதும் தவறு. உள்ளே தொடங்கிவிட்ட சிதைவை மேற்பூச்சு நிறுத்தாது. மறைக்க மட்டுமே செய்யும். அரிசிப் பானையில் புதைத்து வைப்பதால் பயனில்லை, மழைக்காலத்தில் அரிசியே ஈரம் ஏறியது. கிருமிநாசினி தெளிப்பதும் வீண். நுண்ணுயிர்களே இந்த நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நிபுணர்களும் கருதினர்; அந்தக் கிருமிகள் வாழ இதைவிட மிகுந்த ஈரம் வேண்டும் என்பது 1970களின் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

பொடி பூத்த கல்லைத் தண்ணீரில் கழுவலாகாது. உலர்ந்த மென்மையான தூரிகையால் பொடியைத் துடைத்து, மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில் உலர வைக்க வேண்டும். பொடியில் அமிலம் இருப்பதால் கையுறை அணிவது நல்லது. குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. அமோனியா ஆவியில் வைத்து அமிலத்தை முறிப்பது போன்ற சிகிச்சைகள் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. வீட்டில் முயல்வது ஆபத்து. கடலுப்பு ஊறிய, பைரைட் இல்லாத உறுதியான கல்லை மட்டும் நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து உப்பை நீக்கலாம். களிமண் சார்ந்த கல்லையும் பழுப்பு நிலக்கரித் துண்டையும் வெயிலில் காயவைத்தால் வெடித்துவிடும். நிழலில் மெல்ல மெல்ல உலரவிடுவதே முறை.

சீட்டு இல்லாத கல்

எல்லாவற்றிலும் மலிவானதும் முக்கியமானதும் ஒரு துண்டுச் சீட்டு. எந்த ஊர், எந்த ஓடை அல்லது குவாரி, எந்த ஆண்டு, யார் எடுத்தது என்ற நான்கு விவரங்கள் இல்லாவிட்டால், எவ்வளவு அழகிய படிவமும் ஆராய்ச்சிக்கு உதவாது. எடுத்தவர் காலமான பிறகு, பிள்ளைகளுக்கு அது ஏதோ ஒரு கல்லாகத் தோன்றும். வீடு மாறும்போது குப்பைக்குப் போகும். பைரைட் அழிப்பதற்கு முன்பே மறதி அழித்துவிடுகிறது. விவரத்தை ஒரு நோட்டிலும் எழுதி, சீட்டைத் தனி உறையில் இட்டு வைத்தால் அமிலம் கசிந்தாலும் செய்தி பிழைக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இவற்றையெல்லாம் வீட்டில் வைத்திருப்பதே தவறல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் போன்ற இடங்கள் தேசியப் புவியியல் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுபவை. சாத்தனூரில் 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூடத் தொடலாகாது. ஆனால் அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரிகளில் வெட்டியெடுக்கும் கல்லோடு கல்லாக எத்தனையோ படிவங்கள் அரைபட்டுச் சிமெண்ட் ஆகியிருக்கின்றன. அங்கே ஒரு தொழிலாளி குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கல், அழிவிலிருந்து தப்பிய கல். அதை வைத்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதைவிடக் காவலராக ஆக்குவதே அறிவுடைமை.

காவலுக்கும் எல்லை உண்டு. கல்லைக் காக்க இயலாதவர், அல்லது தமக்குப்பின் காக்க ஆளில்லாதவர், அதை உரிய இடத்தில் சேர்ப்பதே கடமை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் தமிழக அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. புவியியல் துறையுள்ள கல்லூரிகள் இரு மாநிலங்களிலும் இருக்கின்றன. வெளிமாநிலத் தமிழர் ஒருவர் சீட்டோடு ஒரு கல்லைக் கொண்டுவந்தால் மரியாதையோடு பெற்று ரசீது கொடுக்க எளிய ஏற்பாடு வேண்டும். புவியியல் பாரம்பரியத் தலங்களையும் பொருள்களையும் பாதுகாக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. எத்தகைய சட்டமாயினும், பொருளைக் கைப்பற்றுவதோடு நின்றுவிடாமல், கைப்பற்றிய பொருளை உலர்வாக வைக்கவும் வழிசெய்ய வேண்டும். கல்லமேட்டு எலும்புகளை அழித்தது திருடனல்லன், ஈரம்.

கொச்சியிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் தமிழ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் இடவப்பாதிக்கு முன்னால், மேடத்தின் வெயில் மிச்சமிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இத்தகைய பொருள்கள் உள்ள வீட்டாரை ஒன்றுகூட்டி, புவியியல் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கற்களைப் பரிசோதிக்கச் செய்யலாம். எது நோயுற்றது, எது நலமாயுள்ளது, எதற்குச் சீட்டு இல்லை என்பதை அங்கேயே எழுதி வைக்கலாம். பிள்ளைகள் கையால் சிலிக்கா ஜெல் மாற்றச் சொல்லலாம். காவிரிக் கரையில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, அந்தக் கடலின் ஒரு துண்டைத் தாமே காத்து வளரும் பிள்ளைகளுக்கு அது மறக்காது.

மழை தொடங்க அதிக நாள் பிடிப்பதில்லை. அதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது.